வண்டிப் பந்தல்

மறுவாழ்வு இல்லம்,
திருவள்ளூர்
19.1.2025

அன்புள்ள கயல் அக்காவுக்கு,

சித்து எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? ரமாவுக்குக் காய்ச்சல் அடித்ததே, விட்டுவிட்டதா?

வந்த முதல் வாரம் பேனா பிடிக்க முடியவில்லை. கை அப்படி ஆடியது. இப்போது எழுத்து ஓரளவு நேராக வருகிறது, நீயே பார். இங்கே போன் கிடையாது. மூன்று மாதத்துக்கு யாரும் வந்து பார்க்கவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடிதம் எழுதலாம். எழுதியதை வார்டன் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார். ஆகவே வார்டன் ஐயாவுக்கும் ஒரு வணக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சின்னப்பாலம் நகரில் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறார்கள் என்று நான் கிளம்பும்போதே பேச்சு. ஆற்றங்கரையில் பூங்கா போட வேண்டும் என்றால் முதலில் நம்மைத்தான் பெருக்கித் தள்ளுவார்கள். அதைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் கணக்கில் ஏறியவனுக்கு மாற்று வீடு உண்டு. ஏறாதவனுக்கு ரோடு.

நம் இருவருக்கும் கதவு எண் ஒன்றுதான். ஆனாலும் அம்மா சாவதற்கு முன்பே நடுவில் தகரம் அடித்து உன் பக்கம், என் பக்கம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டது. எனக்குத் தனி ரேஷன் கார்டு, தனி அடுப்பு. கணக்கெடுக்க வருகிறவர்கள் கார்டைவிட அடுப்பைத்தான் நம்புகிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் எடுத்தபோது அடுப்பைத் தொட்டுப் பார்த்துத்தான் எழுதினார்கள். சூடாக இருந்தால் குடும்பம், இல்லையென்றால் பூட்டிய வீடு. அதனால் வாரத்தில் மூன்று நாளாவது என் பக்கம் அடுப்பை ஏற்றி ஒரு டீயாவது போடு.

பொன்மணி ஆதம்பாக்கத்தில் அவள் அம்மா வீட்டு வாசலில் நின்று சொன்னது உனக்கும் காதில் விழுந்தது. “குடிய வுட்டுட்டு, பூட்டு போடற மாதிரி கதவு கீற வீட்டக் காட்டு. புள்ளய இட்டுக்கினு வரேன்.” என் மகள் யசோதராவுக்கு நாலு வயது ஆகப் போகிறது. என்னைப் பார்த்தால் பாட்டி பின்னால் போய் ஒளிகிறாள். எனக்கு அந்தக் கதவு வேண்டும் அக்கா. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மாமாவுக்கு என் வணக்கம். ரமாவைப் படிக்கச் சொல்.

உன் தம்பி
சித்தார்த்தன்

&nbsp;

சின்னப்பாலம் நகர்,
சென்னை
4.2.2025

அன்புள்ள தம்பி சித்துவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ரமாவுக்குக் காய்ச்சல் போய்விட்டது, இருமல் மட்டும் இருக்கிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடு. மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துத் துப்புகிற வேலை வேண்டாம், எனக்கு உன்னைத் தெரியும்.

உன் பக்கம் நேற்றும் அடுப்பு ஏற்றினேன். ரமா அங்கே உட்கார்ந்துதான் படிக்கிறாள். அமைதியாக இருக்கிறதாம்.

மாமாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. எட்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருந்த மனுஷன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்க்க எனக்கே புதிதாக இருக்கிறது. அடையாறில் இருக்கும் அனிருத் சார் என்பவருடைய வண்டியை ஓட்டுகிறார். ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பு. மணல், சேறு எதிலும் ஏறிவிடுமாம். மேலே சாமான் வைக்கக் கம்பி ரேக் இருக்கிறது. அந்த ரேக்கின் ஓரத்தில் சுருட்டி வைத்து, வண்டியை நிறுத்தியதும் இழுத்து விரித்துக்கொள்கிற மாதிரி ஒரு பந்தல் சாருக்கு வேண்டுமாம். வெளிநாட்டுப் பந்தல் ஒன்றைப் போனில் காட்டியிருக்கிறார். மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா?

“இதுக்குப் போயி பாரின்லேர்ந்து வரவழைக்கணுமா சார்? என் மச்சான் லாரி தார்ப்பாயே தைக்கறவன். நாங்களே செஞ்சி மாட்டிடறோம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வந்து என் முகத்தைப் பார்த்து முழிக்கிறார்.

“மச்சான் எங்கய்யா கீறான்? திருவள்ளூர்ல கீறான்” என்றேன்.

“லெட்டர்ல கேளு. அவனுக்கு அங்க வேற இன்னா வேல? சொம்மாதான குந்திக்கினு கீறான்.”

கோபித்துக்கொள்ளாதே. முதல் வாரத்திலேயே சாரிடம் பேர் கெட்டால் வேலை போய்விடும் என்று அவருக்குப் பயம். எப்படிச் செய்வது என்று எழுது. ரேக்கின் நீளம் ஏழு அடி. தையல் மெஷின் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
கயல்விழி

&nbsp;

திருவள்ளூர்
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். ரமாவின் இருமலுக்கு ஆஸ்பத்திரியில் காட்டு. மாமாவுக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம். சும்மா குந்தியிருக்கிற மச்சான் சொல்வதை அவர் கவனமாகக் கேட்கட்டும்.

பிளாஸ்டிக் தார்ப்பாய் வாங்க வேண்டாம். வெயிலில் ஒரு வருடத்தில் பொடியாக உதிரும். ஆட்டோ ஹூடுக்குப் போடுகிற துணிதான் வேண்டும். மந்தைவெளியில் நான் வேலை பார்த்த கலீமுல்லா பாய் கடையில் கேட்டால், துண்டு விழாமல் வெட்டித் தருவார். ஏழு அடி நீளம், எட்டு அடி அகலம். நடுவில் ஒட்டுத் தையல் வரக் கூடாது. ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து இரண்டு வரிசை தையல் போடு. தைத்து முடித்ததும் மெழுகுவத்தியைத் தையல் மேல் அழுத்தித் தேய். ஊசி போன ஓட்டையில் தண்ணீர் இறங்காது.

ரேக்கில் ஓட்டை போடவே கூடாது. மாமாவிடம் இதை இரண்டு முறை சொல். சுவரில் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பு இருக்கிறதே, அதை நாலு வாங்கி ரேக் கம்பியில் மாட்ட வேண்டும். அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தால் வண்டி ஓடும்போது கடகடக்காது. அந்தக் கிளாம்பில் ஒரு அலுமினியப் பட்டை, பட்டையில் துணியின் ஒரு ஓரம். எதிர் ஓரத்தில் ஒரு குழாய். குழாயின் இரண்டு முனையிலும் கீழே இறங்குகிற கால். பெரிய குழாய்க்குள் சின்னக் குழாய் போனால் காலை நீட்டலாம், மடக்கலாம். காலிலிருந்து தரைக்குக் கயிறு. காற்றை மட்டும் குறைவாக நினைக்காதீர்கள், கடற்கரைக் காற்று பந்தலைத் தூக்கி வண்டி மேலேயே போட்டுவிடும்.

எட்டு அடித் துணியை உன் பக்கம் விரிக்க இடம் இல்லை. என் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினையும் அங்கேயே போடுங்கள். அடுப்பை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிடு. அந்தத் துணியில் ஒரு பொறி பட்டால் போதும், மொத்தமும் போச்சு. கரி பட்டாலும் போகாது. வேலை முடிந்த அன்றைக்கே அடுப்பைத் திரும்ப உள்ளே வை, மறக்காதே.

இதை எழுதும்போது என் கை துளிக்கூட ஆடவில்லை அக்கா. பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்து, “இன்னா தலைவரே, இன்ஜினியரா நீ?” என்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் தம்பி
சித்தார்த்தன்

&nbsp;

சென்னை
9.3.2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஒரு மாதமாக எழுதவில்லை என்று நினைக்காதே. அடையாறில் இரண்டு வீட்டுச் சமையலை முடித்துவிட்டு வந்து, இங்கே துணிமேல் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை.

நீ சொன்ன மாதிரியே தைத்தேன். இரண்டு ஊசி உடைந்தது. மாமா ரேக்கில் டிரில் போடக் கிளம்பிவிட்டார். ரமா ஓடிப்போய் உன் கடிதத்தைக் காட்டி, “சித்து மாமா ரெண்டு தடவ சொல்ல சொல்லிச்சி, இது ரெண்டாவது தடவ” என்று சொல்லி டிரில்லைப் பிடுங்கிக்கொண்டாள். மாட்டி விரித்துப் பார்த்தோம். நிழல் நன்றாக விழுகிறது. ஆனால் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் நடுவில் குளம் மாதிரி தேங்கி நிற்கிறது. அதற்கு என்ன செய்ய?

போன வாரம் அனிருத் சாரே வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம், உன் வீட்டுக்குள் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார். மரியாதையான பிள்ளை. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். டீ கொடுத்தேன், குடித்தார்.

வேறு விசேஷம் இல்லை. தண்ணீர் தேங்குவதற்கு மட்டும் சீக்கிரம் எழுது.

அக்கா

&nbsp;

திருவள்ளூர்
16.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ரமாவுக்குப் பரீட்சை நடக்கும் நேரம், அவளை வேலை வாங்காதே.

தண்ணீர் தேங்குகிறது என்றால் இரண்டு காலும் ஒரே உயரத்தில் நிற்கிறது. ஒரு காலை முக்கால் அடி இறக்குங்கள், தண்ணீர் அந்த மூலை வழியாக ஓடிவிடும். அப்படியும் நின்றால், ரேக் பட்டைக்கும் முன்குழாய்க்கும் நடுவில் ஒரு குறுக்குக் குழாயைத் துணிக்கு அடியில் கொடுங்கள். துணி இழுபட்டு நிற்கும். தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வர வேண்டும். அதுதான் கணக்கு.

இப்போது என் கேள்விகள். அடுப்பை உள்ளே வைத்துவிட்டாயா? கணக்கெடுப்பு எப்போது? யாராவது வந்து சொன்னார்களா? பொன்மணி வந்தாளா, ஆள் அனுப்பினாளா? பிறகு, அந்த அனிருத் சாருக்கு என்ன வேலை? ஷூவைக் கழற்றிவிட்டு நம் வீட்டுக்குள் வருகிற ஜீப்புக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை, அதனால் கேட்கிறேன்.

ஏப்ரல் பத்தாம் தேதியோடு எனக்குத் தொண்ணூறு நாள் முடிகிறது. நீ வந்து கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்கள். வரும்போது என் நீலச் சட்டையை எடுத்து வா. நேராக ஆதம்பாக்கம் போகப் போகிறேன்.

உன் தம்பி
சித்தார்த்தன்

&nbsp;

சென்னை
6.4.2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியது.

பந்தல் முடிந்துவிட்டது. தட்டினால் மேளம் மாதிரியே சத்தம் வருகிறது. சாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கொட்டிவாக்கம் கடற்கரையில் விரித்துப் பார்த்தார்களாம், காற்றுக்கு அசையவே இல்லையாம்.

சித்து, நீ இன்னும் இரண்டு மாதம் அங்கேயே இருப்பது நல்லது என்று அங்கே டாக்டர் சொல்கிறார். பாதியில் வந்தவர்கள் எல்லோரும் மறுபடி கடை வாசலில் நிற்கிறார்களாம். நானும் சரி என்று கையெழுத்து அனுப்பிவிட்டேன். ஜூனில் வரலாம். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.

ரமா பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள்.

அக்கா

&nbsp;

திருவள்ளூர்
13.4.2025

அக்காவுக்கு,

நலம். டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். என் ஈரல், ரத்தம், புத்தி மூன்றும் வீட்டுக்குப் போகலாம் என்கிற நிலைமையில்தான் இருக்கின்றன. பிறகு வார்டனைக் கேட்டேன். ஃபைலைத் திறந்து காட்டினார். ‘வீட்டில் சூழ்நிலை சரியில்லை, மேலும் வைத்துக்கொள்ளவும்’ என்று உன் கையெழுத்தில் இருக்கிறது.

என்ன சூழ்நிலை?

நான் நாலு கேள்வி கேட்டிருந்தேன். நீ மேளத்துக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறாய். நாளைக்கு ஏப்ரல் பதினாலு. நம் தெருவில் நீலக் கொடி கட்டுவார்கள், மேடை போடுவார்கள். வருடா வருடம் அந்த மேடைக்குத் துணி தைத்துக் கட்டுகிறவன் நான். இந்த வருடம் யார் கட்டினார்கள் என்றாவது எழுது.

சித்தார்த்தன்

&nbsp;

திருவள்ளூர்
11.5.2025

அக்காவுக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் வரவில்லை என்று சொல்லாதே, வார்டன் கண் முன்னால்தான் தபால்காரர் வாங்கிக்கொண்டு போனார். உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் ரமாவையாவது எழுதச் சொல். பயமாக இருக்கிறது.

சித்து

&nbsp;

மந்தைவெளி
1.6.2025

சித்தார்த்தன் அண்ணாவுக்கு,

நான் கலீமுல்லா பாயின் மகள் ஜோயா எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க அம்மாவும் நானும் துவா செய்கிறோம். அப்பாவுக்குப் பேனா பிடித்தால் கோபம் வருகிறது, அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாதாம். இனி அப்பா பேசுகிறார்.

இன்னா நைனா, எப்டி கீற? சலாம். அஞ்சு மாசமா ஒன் மெஷினு சொம்மா கீது. வேற ஒருத்தன வெச்சேன், அவன் தச்ச ஹூடு அடையாறு பாலத்துல பறந்து போய்ட்ச்சி. ஆட்டோக்காரன் வந்து என் சட்டையப் புடிக்கறான். நீ எப்ப வர? ஜூன்னு கயலு சொல்லிச்சி. வந்தவொடனே நேரா கடைக்கு வா.

இன்னொண்ணு. போன புதங்கெழம ஒங்க ஏரியாவுக்கு ஒரு ஹூடு மாட்டப் போனேன். பாலத்தாண்ட ஒரே கும்பலு. இன்னாடான்னு பாத்தா, ஜீப்பு ஒண்ணு நிக்குது, பக்கத்துல ஜம்முனு ஒரு பந்தலு. அதுக்குக் கீழ டேபிளு போட்டு, மைக்கு வெச்சி, யாராருக்கு எங்க வீடுன்னு லிஸ்ட்டு படிக்கறாங்க. நெழல்ல நாலு சேரு, வெயில்ல நானூறு பேரு. கைப்புள்ளய வெச்சிக்கினு ஒரு பொண்ணு நெழலுக்குள்ள ஒதுங்கப் போச்சி, “லைன்ல நில்லும்மா”ன்னு தொரத்திட்டானுங்க. எனக்கு அப்பவே ரத்தம் கொதிச்சிது. அப்பால பந்தல் ஓரத்தத் தொட்டுப் பாத்தேன். ரெண்டு மடிப்பு, ரெண்டு தையலு, மேல மெழுகு. அட, இது நம்ம சித்து வேலயாச்சேன்னு தெரிஞ்சிபோச்சி. நம்ம கடைத் துணிதான் அது.

கணக்கெடுக்கற கம்பெனிக்கே ஒரு சின்னப் பையன்தான் தலையாம், அனிருத்தோ இன்னாவோ. ஒங்க மாமாதான் அவன் வண்டி ஓட்டறாரு. நான் ஒன் பேரக் கூப்டுவாங்க, கேட்டுட்டுப் போலாம்னு நின்னேன். நூத்திப் பதினாலாம் நம்பரு, கயல்விழி தணிகாசலம், புது பிளாக்கு, ரெண்டாவது மாடின்னான். அத்தோட நூத்திப் பதினஞ்சுக்குப் போய்ட்டான். ஒன்ன எங்க போட்டுக்கீறாங்க? ஒங்க மாமா தணிகாசலத்தாண்ட கேட்டேன். அந்தாளு வண்டிக் கண்ணாடியத் தொடச்சிக்கினே கீறாரு, திரும்பவே இல்ல. கண்ணாடி ஏற்கனவே சுத்தமாத்தான் இருந்துது.

ஒனக்கு வேற லிஸ்ட்டுல வந்துக்கீதுன்னு நெனைக்கறேன். எதுக்கும் விசாரிச்சிக்கோ.

இதற்கு மேல் நான் எழுதுகிறேன். அண்ணா, உங்கள் பெயர் வேறு எந்த லிஸ்டிலும் இல்லை. நான் போனில் தேடிப் பார்த்துவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆட்சேபணை கொடுக்க ஜூலை பதினொன்று கடைசி.

ஜோயா

&nbsp;

திருவள்ளூர்
8.6.2025

கயல்விழி அக்காவுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை.

பாய் எழுதியிருந்தார். அனிருத் சாருக்கு என்ன வேலை என்று இப்போது தெரிந்துவிட்டது. ஷூவைக் கழற்றிவிட்டு வந்து, உன் கையால் டீ குடித்துவிட்டு, என் வீட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். திருட வருகிறவன் கதவை உடைத்துக்கொண்டு வருவான் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இவன் அளவு நாடாவோடு வந்திருக்கிறான். அளவு எழுதிக் கொடுத்தது நான்.

என் கையால் எழுதிக் கொடுத்த நிழலில் உட்கார்ந்து என் பெயரை விட்டுவிட்டுப் படித்திருக்கிறார்கள். அந்தக் கம்பெனிக்காரனுக்கு என்னைத் தெரியாது. அவனிடம் எனக்குச் சண்டை உண்டு, ஆனால் வருத்தம் இல்லை. உனக்கு என்னைத் தெரியும்.

என்ன நடந்தது என்று எழுது. ஒன்றையும் விடாதே.

சித்தார்த்தன்

&nbsp;

சென்னை
22.6.2025

தம்பி சித்துவுக்கு,

எழுதுகிறேன். வார்டன் படிப்பார் என்று தெரியும். படித்தால் படிக்கட்டும்.

மாமா வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே சார் என்ன வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லவில்லை. முதலில் நல்லதுதான் என்று நினைத்தேன், தெரிந்தவர் இருந்தால் நமக்கு ஒழுங்காக எழுதுவார் என்று.

அன்றைக்கு அவர் பந்தலைப் பார்க்க மட்டும் வரவில்லை. கையில் அந்தச் சின்ன கம்ப்யூட்டர் பலகை இருந்தது. உன் பக்கம் வந்து நின்றார். தரை முழுக்கத் துணி, மூலையில் மெஷின், சுவரில் குழாய். அடுப்பு வெளியே. நீ சொன்னபடி நான்தான் எடுத்து வைத்திருந்தேன்.

“இந்தப் பக்கம் யாரு இருக்காங்க?” என்றார்.

மாமா சொன்னார், “நம்ம ஒர்க் ஷாப்பு சார் இது.”

முதலாளி முன்னால் பெருமையாகச் சொன்னார். அவ்வளவுதான். அவருக்கு அந்த நேரத்தில் கணக்கெடுப்பு ஞாபகமே இல்லை. சார் தலையை ஆட்டிவிட்டுப் பலகையில் தட்டினார். எனக்குப் புரிந்தது. என் வாய் திறக்கவில்லை.

அந்த ஒரு நிமிடம் மட்டும் என்றால் நீ என்னை மன்னிக்கலாம். கையெழுத்து வாங்க மூன்று நாள் கழித்துத்தான் வந்தார்கள். மூன்று நாள் இருந்தது சித்து. வெளியே கிடந்த அடுப்பை உள்ளே வைக்க அரை நிமிடம் போதும். அதைத் தாண்டித் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போனேன், வேலைக்குப் போனேன். ஒரு கதவு எண்ணுக்கு ஒரு குடும்பம் என்றால் இங்கேயே புது பிளாக்கில் வீடு. இரண்டு குடும்பம் என்றால் விசாரணை, அது முடிகிறவரை இருவருக்கும் இங்கே கிடையாது, ஊருக்கு வெளியே தகர ஷெட். பக்கத்து வீட்டில் அப்படித்தான் ஆனது. தாளில் ‘இந்தக் கதவு எண்ணில் வேறு குடும்பம் வசிக்கவில்லை’ என்று இருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். லிஸ்ட் படிக்கிற அன்றைக்கு நீ இங்கே இருக்கக் கூடாது என்றுதான் இல்லத்துக்கும் எழுதினேன்.

இப்போது என்னுடையதையும் கேள். ஒன்பது வருடம் உன் வாந்தியைக் கழுவினேன். ரமாவின் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் நீ தகரத்தை எட்டி உதைத்ததில் அவள் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்தாளே, அன்றைக்கு நீ எனக்குத் தம்பியாகவா இருந்தாய்? அவள் இப்போது இங்கே காலேஜில் சேர வேண்டும். ஊருக்கு வெளியே போனால் மூன்று பஸ். என் இரண்டு வீட்டுச் சமையலும் போய்விடும். குடிக்கிறவன் திரும்ப வந்தும் குடிப்பான், அவனுக்கு எதற்கு வீடு என்று நினைத்தேன். நீ குடிக்காமல் இருப்பாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இப்போது உன் எழுத்தைப் பார்க்கிறேன், நேராக இருக்கிறது. அதுதான் என்னைக் கொல்கிறது.

பொன்மணி மார்ச்சில் ஒரு முறை வந்தாள், குழந்தையோடு. உன் பக்கம் எட்டிப் பார்த்தாள். துணியைப் பார்த்துவிட்டு, “வேலைலாம் நடக்குது போல” என்று சிரித்தாள். அதையும் நான் எழுதவில்லை.

இதை யாரிடமும் காட்டாதே. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

கயல்

&nbsp;

மந்தைவெளி
6.7.2025

அக்காவுக்கு,

பாய் வந்து கையெழுத்துப் போட்டு என்னை வெளியே கூட்டி வந்துவிட்டார். உறவு முறை என்கிற இடத்தில் ‘முதலாளி’ என்று எழுதினார். வார்டன் சிரித்தார். கடையின் மாடியில் படுத்துக்கொள்கிறேன். நூற்று எழுபத்தேழு நாளாகக் குடிக்கவில்லை. இதை உனக்கு நிரூபிக்க எழுதவில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஆதம்பாக்கம் போனேன். பொன்மணி கிரில்லைத் திறக்கவில்லை, ஆனால் உள்ளேயும் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “ஒங்க அக்கா பண்ணத ஒங்க அக்காவாண்ட பேசு. எனக்குக் கதவு எங்க?” என்றாள். யசோதரா இந்த முறை ஒளியவில்லை. கிரில் கம்பி வழியாக என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றாள். கிளம்பும்போது பொத்தானைக் கையோடு எடுத்துக்கொண்டாள்.

ரமா விஷயத்தில் நீ எழுதியது உண்மை. அந்தப் பரீட்சைக்காக அவளிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்பேன், அவள் கதவைச் சாத்தினாலும் சரி. ஒன்பது வருடத்துக்கு நீ என்னைத் திட்டலாம், அடிக்கலாம், வீட்டுப் பக்கமே வராதே என்று துரத்தலாம். என் பெயரை அழிக்க முடியாது. நான் குடிகாரனாக இருந்தபோதும் அந்த வீட்டில்தான் இருந்தேன்.

ஜோயா மனு எழுதிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போய்க் கொடுக்கிறேன். ரேஷன் கார்டு நகல் வைத்தாயிற்று. அது போதாது என்று மனு வாங்குகிற ஆபீஸ் கிளார்க் சொன்னார். “கார்டு எல்லார்கிட்டயும்தான்யா கீது. நீ அங்க குடியிருந்தன்னு, கையெழுத்துப் போட்டவங்களே எழுதிக் குடுத்தா நிக்கும்” என்றார். நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். உன் ஜூன் மாதக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. நகல் எடுத்து மனுவோடு இணைத்திருக்கிறேன்.

இது சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நூற்றுப் பதினாலு விசாரணைக்குப் போகும். உன் ரெண்டாவது மாடி நின்றுபோகும். ரமாவுக்கு மூன்று பஸ் ஆகும். நீ என்னை நம்பி எழுதியதை நான் ஆபீசில் கொடுக்கிறேன். அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள். நீ செய்ததற்கு நான் வைத்த பெயரும் அதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. நீ எனக்குச் சொல்லாமல் செய்தாய், நான் சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

பந்தலைத் தானாகக் கட்டிக்கொள்ளத் தெரியாதவன் அதன் கீழே சேர் போட்டு உட்கார்ந்து நம் இருவரையும் ஒரு வீட்டுக்கு அடித்துக்கொள்ள வைத்திருக்கிறான். அது எனக்குப் புரிகிறது அக்கா. புரிந்தும் மனுவில் அவன் பெயரை எழுத இடமே இல்லை. எதிர்மனுதாரர் என்கிற இடத்தில் உன் பெயர்தான் வருகிறது.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. எழுதினால் அதையும் இணைக்க வேண்டி வரும்.

சித்தார்த்தன்